செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கல்லறைகளைத் தேடிப் போன ஆண்டு

மதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களான அண்ணன்மார்களே, அக்காமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில், இந்த ஆண்டு நம் பயணங்களில் கோயில்களை விடுத்து, இறந்தவர்களுக்காக எடுத்த கற்களைப் பார்த்து வருவோம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். பலர் முகம் சுளித்தார்கள். "ஏனுங்க, எழவுக்குப் போயிட்டு வந்தாலே தலைக்குத் தண்ணி வாத்துட்டுத்தான் ஊட்டுக்குள்ள போறோம். வேன் வெச்சுச் சமாதி பாக்கப் போலாம்ங்கறீங்களே" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப்புக்குப் போன பயணத்துக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவரும் அவரேதான். அதற்காக இங்கே அவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

முதலில் கொடுமணல் போனோம். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில், பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர். சோளக்காட்டு ஓரத்தில் கல்வட்டங்களும், ஆளைவிட உயரமான நெடுங்கல்லும் நிற்கின்றன. கற்பலகைகளை நிறுத்தி அறைபோல் அமைத்து, ஒரு பலகையில் வட்டமாகத் துளை விட்டிருக்கிறார்கள். அதை இடுதுளை என்பார்கள். இங்கே ஒரே ஈமக்குழியில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள (செந்நிறக் கல்) மணிகள் கிடைத்தன. அந்தக் கல் குசராத் பக்கத்திலிருந்து வந்தது. பச்சைக்கல்லோ நம் படியூரிலேயே கிடைத்தது. மணி செய்து பிழைத்த ஊர், தன் ஆட்களை அனுப்பும்போது அந்த மணிகளையே கூட வைத்து அனுப்பியிருக்கிறது.

டாப்சிலிப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சேத்துமடை சோதனைச் சாவடி தாண்டி மேலே ஏறினோம். மலையில் வெட்டிய தேக்கை இந்த உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டதால் வந்த பெயர் இது. பம்பாயில் கப்பல் கட்டவும், பிறகு ரயில் தண்டவாளத்துக்குக் கட்டையாகவும் ஆனைமலைத் தேக்கு போய்க்கொண்டே இருந்து, காடு மொட்டையானது. 1910-களின் நடுவில் இங்கே வந்த வன அதிகாரி ஹ்யூகோ வுட் அதைத் திருப்பினார். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைத் துளிர்க்க விட்டார். கரும்பில் மறுதாம்பு விடுகிறோமே, அதைப்போல. நடந்து போகும்போதெல்லாம் கைத்தடியால் மண்ணில் குழி குத்தி, பையிலிருந்து தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே போவார் என்று இன்றும் சொல்கிறார்கள். 1933-இல் இறந்தார். அவர் விரும்பியபடியே, தான் வளர்த்த தேக்குகளின் நடுவில் புதைக்கப்பட்டார்.

முன் அனுமதி வாங்கி, வனத்துறை ஊழியர் துணையோடு சமாதிக்குப் போனோம். கல்லில் லத்தீனில் ஒரு வரி இருக்கிறது. 'என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார்' என்பது அதன் பொருள். லண்டன் புனித பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையிலும் இதே கருத்துதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே சுற்றிப் பார்த்தால் தூணும் கூரையும். இங்கே நாங்கள் தலையை நிமிர்த்தினோம். நெட்டுக்குத்தாகத் தேக்கு, அதற்குமேல் வானம். வயதில் பெரியவரான அந்த உறுப்பினர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உடன் வந்த சிறுமி ஒருத்தி இளந்தேக்கு இலையைக் கசக்கிச் சிவந்த உள்ளங்கையை எல்லோரிடமும் காட்டினாள்.

ஒன்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தத் தேக்கை அவர் ஒற்றை ஆளாக வளர்த்திருக்க முடியாது. காடர், மலசர் பழங்குடி மக்களின் கால்படாத இடம் அந்த மலையில் இல்லை. அவர்கள் பெயர் சொல்லும் கல் ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை. அவர்கள் குடியிருப்புகளில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய இந்தப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும்.

இந்த ஆண்டின் இழப்பு ஒன்று. நம் பக்கத்து ஊரில் வாய்க்கால் ஓரம் இருந்த புலிகுத்திக்கல்லை மூன்று ஆண்டுகளுக்கு முன் நானே பார்த்திருக்கிறேன். பின்னங்காலில் எழுந்து நிற்கும் புலி, அதன் வயிற்றில் ஈட்டி பாய்ச்சும் வீரன், அவன் பக்கவாட்டுக் கொண்டை. பட்டிக்கு வந்த புலியோடு மோதிச் செத்தவனுக்கு ஊர் எடுத்த கல். மாசியில் போனபோது இடம் சமன்செய்யப்பட்டிருந்தது. பொக்லைன் ஓட்டிய தம்பிக்கு அது என்னவென்றே தெரியவில்லை; அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றே படம் எடுத்து, அளந்து, ஊர்க்காரர்களிடம் சொல்லி வைக்காதது என் தவறு.

ஆகவே, நம் வட்டாரத்து நடுகற்களுக்கு ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறோம். தேய்ந்த எழுத்தைப் படிக்கக் காலை வெயில் சாய்வாக விழும் நேரமே நல்லது. இல்லையென்றால் கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பலாம். கல்லில் சுண்ணாம்பு, பெயின்ட், ஆசிட் எதுவும் படக்கூடாது. நல்ல தண்ணீரும் மென்மையான தேங்காய்நார் பிரஷ்ஷும் போதும். பூசை நடக்கும் கல்லாக இருந்தால், பூசாரியைக் கேட்காமல் தொடக்கூடாது.

வரும் ஆண்டில் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தின் மலைச்சரிவுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போக உத்தேசம். கோவை கலெக்டராக இருந்து ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். அவரோ இங்கிலாந்தில் அடங்கியிருக்கிறார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போகலாமா, பேருந்தா என்பதை இன்றே முடிவு செய்துவிடலாம்.

பதிவேடும், வாளியும், நான்கு பிரஷ்களும் என் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. ஞாயிறு காலை ஆறரைக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.
செயலாளர்