மெதுவாக ஓட வேண்டிய நாளில் மெதுவாகவே ஓடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறுவட்ட, மாவட்டத் தடகளப் போட்டிகள் நெருங்கிவிட்டால் நம் கடற்கரைப் பள்ளிகளில் 3000 மீட்டரும், மைதானத்துக்கு வெளியே ஓடும் கிராஸ் கன்ட்ரி நெடுந்தூர ஓட்டமும் ஓடும் பிள்ளைகளைத் தினமும் முழு மூச்சில் விரட்டுகிறோம். சில வாரங்களில் கீழ்க்கால் வலி என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். 'தம் இல்லாத பையன்' என்ற பேர் வேறு.

ஓடும்போது உடம்பு தேய்கிறது. தேறுவது அதன் பிறகுதான். வேக ஓட்டத்தில் தசையில் கரைந்த மாவுச்சத்து மீண்டும் நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும் ஒன்றிரண்டு நாள் ஆகும். எலும்பு இன்னும் நிதானம். அதிர்ச்சி வாங்கிய இடத்தில் பழைய எலும்பைக் கரைத்துவிட்டுத்தான் உடம்பு புதியதைக் கட்டுகிறது. அந்த இடைவெளியில் மேலும் மேலும் அடி விழுந்தால் மயிரிழைக் கீறல் விழும்.

ஆகவே வாரத்துக்குக் கடும் பயிற்சி இரண்டே நாள், நீண்ட ஓட்டம் ஒரு நாள் போதும். செவ்வாயன்று 1000 மீட்டரை 4 அல்லது 5 முறை, நடுவில் 3 நிமிடம் மெல்லோட்டம். வெள்ளியன்று 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று சொல்தான் பேச முடியும் என்கிற சீரான வேகம். ஞாயிறு ஒரு மணி நேரம் நிதானமாக. திங்கள் முழு ஓய்வு. மற்ற மூன்று நாளும் 30, 40 நிமிட மெதுவோட்டம்.

கெட்டுப்போவது இந்த மெதுவோட்டத்தில்தான். 3000 மீட்டரைப் பத்தரை நிமிடத்தில் முடிக்கும் மாணவன் 1000 மீட்டர் சுற்றுகளை 3 நிமிடம் 40 விநாடியை ஒட்டி ஓடலாம். மெதுவோட்டத்தில் அவனுக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம், ஐந்தரை நிமிடம் ஆக வேண்டும். பக்கத்தில் வருபவனோடு முழு வாக்கியமாகப் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். நான்கு பையன்கள் சேர்ந்தால் கடைசிக் கிலோமீட்டர் பந்தயமாகிவிடும். அன்று நல்ல ஓட்டக்காரனையே கடைசியில் வரச் சொல்லுங்கள். மெதுவாக ஓடிய செவ்வாய்க்கிழமைப் பயிற்சியும், வேகமாக ஓடிய புதன்கிழமை மெதுவோட்டமும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்: இரண்டாலும் பயனில்லை.

நம் ஊர் மணலுக்குத் தனிக் கணக்கு உண்டு. காய்ந்த மணலில் ஓட, தரையில் ஓடுவதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும். குதிகால் தசைநாணும் கெண்டைக்காலும் இழுபடும். அதில் 'சும்மா மெதுவாத்தான் ஓடினோம்' என்றால் அது கடும் பயிற்சிக் கணக்கில்தான் சேரும். அலை நனைத்த இறுகிய மணல் நல்லது, ஆனால் கரை கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடி பஸ்ஸில் திரும்பினால் ஒரு காலே சுமை தாங்கும். போன வழியே ஓடித் திரும்ப வேண்டும். தனுஷ்கோடி பக்கம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலையில் நிழல் கிடையாது. அங்கே கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் நாளில் கிலோமீட்டரை மறந்து, நிமிடத்தை மட்டும் பாருங்கள்.

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடியை எண்ணி நோட்டில் குறிக்கச் சொல்லலாம். வழக்கத்தைவிட 7, 8 துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் வேகப் பயிற்சியைத் தள்ளிப் போடுங்கள். கீழ்க்கால் வலித்தால் உட்புற எலும்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளம் பரவலாக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்துப் பார்க்கலாம். ஒரே புள்ளியில் சுரீரென்றால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமலும் போகும். 'படத்தில் ஒன்றுமில்லை' என்று திரும்ப ஓட விடாதீர்கள். மாணவிகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதைப் பயிற்சியின் பலன் என்று சிலர் சொல்வது ஆபத்து. ஓடும் அளவுக்குச் சாப்பாடு இல்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம், எலும்பும் பலவீனமாகும்.

காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடுகிறது. உயர்நிலைப் பிள்ளை ஓடிவிட்டு வெறும் வயிற்றோடு முதல் பீரியடில் உட்காருகிறது. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் கேப்பைக் கூழோ உப்புப் போட்ட மோரும் பழைய சோறுமோ, கூட ஒரு முட்டையோ அவித்த கடலையோ கிடைத்தால் போதும், புரத பவுடர் டப்பா வேண்டாம். தூக்கம் 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இரவு பத்தரைக்கு டியூஷன் முடிந்து, காலை நாலரைக்கு மைதானத்துக்கு வா என்றால் எங்கே தூங்குவது?

தலைமையாசிரியர்கள், ஓடும் பிள்ளைகளுக்குக் காலைச் சிறப்பு வகுப்பும் வேகப் பயிற்சியும் ஒரே நாளில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போட்டி நடத்துவோர் 1500 மீட்டரையும் 3000 மீட்டரையும் வெவ்வேறு நாளில் வைத்து, 3000 மீட்டரைக் காலை 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளித் தடகளப் பயிற்சியாளர்கள் சிலர்,
மண்டபம்