பழைய வாகனங்களின் மின்கோளாறு: மாற்றும் முன் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினைந்து ஆண்டுகள் கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்த பிறகும், பழைய வண்டியை விட மனமில்லாமல் வைத்திருப்பவர்களைச் சென்னையில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். எஞ்சின் தேய்மானத்தைக் காட்டிலும் அவர்களைப் பாடாய்ப் படுத்துவது வந்து வந்து போகும் மின்கோளாறுதான். வழியில் மக்கர் செய்யும் வண்டி மெக்கானிக்கின் முன் நிறுத்தியதும் ஒழுங்காக ஓடும். அவரும் சந்தேகத்தின் பேரில் ஏதோ ஒரு பாகத்தை மாற்றி அனுப்புவார். அடுத்த மழையில் அதே கோளாறு திரும்பி வரும். ஒரு பேருந்துப் பணிமனையின் மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த அனுமானச் செலவைப் பற்றிச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

எங்கள் குடியிருப்பில் ஒருவர் வைத்திருக்கும் 2004-ஆம் ஆண்டுப் பெட்ரோல் காரையே எடுத்துக்கொள்ளலாம். ஹெட்லைட்டைப் போட்டால் வெப்பத்தைக் காட்டும் முள் துள்ளும். இண்டிகேட்டரைப் போட்டால் டாஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்து துடிக்கும். சில காலைகளில் செல்ஃப் ‘டக்’ என்ற ஒலியோடு நின்றுவிடும். ஒரு பட்டறையில் பேட்டரியையும், பிறகு ஆல்டர்னேட்டரையும், கடைசியாக வெப்ப சென்சாரையும் மாற்றிவிட்டார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று கோளாறுகள் ஒரே நேரத்தில் வந்தால், மூன்றுக்கும் பொதுவான எர்த்தை (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பை) முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈய முளையின் மீதும் (அதில் மாட்டியிருக்கும் கிளாம்பின் மீது அல்ல), மறுமுனையை எஞ்சின் மீதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னபோது, மீட்டர் 2 வோல்ட்டைத் தாண்டியது. எர்த் நன்றாக இருந்தால் அது அரை வோல்ட்டைக்கூடத் தொடக்கூடாது. எஞ்சின் மீதிருந்த முனையை எடுத்து, பெயின்ட் சுரண்டப்பட்ட பாடித் தகட்டில் வைத்தபோதும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள பட்டையில் குற்றமில்லை; பேட்டரிக்கும் பாடிக்கும் இடையில்தான் இருக்கிறது. பேட்டரித் தட்டுக்கு அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றியபோது லக்கின் (எர்த் ஒயரின் நுனியிலுள்ள உலோக வளையத்தின்) கீழே துருவும் பச்சைப் பொடியும் படிந்திருந்தன. புது லக், ஒரு துண்டு உப்புத்தாள், மேலே பூசக் கொஞ்சம் கிரீஸ் ஆகியவற்றோடு வேலை முடிந்தது. மாற்றப்பட்ட மூன்று பாகங்களுக்கும் கொடுத்த பணம் போனது போனதுதான்.

இத்தகைய கோளாறு கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், பெரும்பாலான பட்டறைகளில் மீட்டரின் முனைகளை ஒயரின் இரு நுனிகளிலும் வைத்து, அது எழுப்பும் ‘பீப்’ ஒலியைக் கேட்டே ஒயரை நல்லதென்று முடிவு செய்வதாகும். ஒரு ஒயரில் உள்ள செப்பு இழைகளில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் அறுந்திருந்தாலும் அந்த ஒலி கேட்கும், ஏனெனில் அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். செல்ஃப் மோட்டாரோ 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது; வழியில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் வீணாகிவிடும். சாதாரண மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே அதைவிடப் பல மடங்கு தடையைக் காட்டும் என்பதால், ஓம் அளவை வைத்து இதைப் பிடிக்கவே முடியாது. சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பது ஒன்றே வழி.

இனி, மெக்கானிக்கைக் கண்டால் மறைந்துகொள்ளும் கோளாறை வரவழைக்கும் வேலை. எஞ்சின் ஓடும்போது ஒயர்க் கட்டினை ஒவ்வொரு கப்ளராக (ஒயர்களை இணைக்கும் செருகியாக) அசைத்துப் பார்க்கலாம். வெயிலில் மட்டும் எஞ்சின் நின்று, ஆறிய பின் கிளம்பும் வண்டியில், பெட்ரோல் பம்பு ரிலேயின் (பம்புக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சின்) உள்ளே ஈயப் பற்று விரிசல் விட்டிருப்பது பழக்கமான சங்கதி. முடி உலர்த்தும் கருவியால் ரிலேயைச் சூடாக்கினாலே அது காட்டிக்கொடுத்துவிடும். அதற்கும் அகப்படாவிட்டால், பம்புக்குச் செல்லும் லைனிலிருந்து ஒரு சிறு பல்பை பியூஸுடன் இழுத்து ஓட்டுநர் கண்ணில் படும்படி வைத்து, வழக்கம்போல் வண்டியை ஓட்டச் சொல்லலாம்: எஞ்சின் நிற்கும் முன்பே பல்பு அணைந்தால் கோளாறு மின்சாரம் வரும் வழியில் உள்ளது, எஞ்சின் நிற்கும் வரை எரிந்துகொண்டிருந்தால் வேறிடத்தில் தேட வேண்டும். விளக்கு, ஹார்ன் போன்றவற்றின் பியூஸ் அவ்வப்போது போகும் வண்டியில், புதிது புதிதாக பியூஸ் மாட்டி எரிப்பதற்குப் பதிலாக அந்த இடத்தில் ஒரு 21 வாட் பிரேக் பல்பை இணைத்தால், ஷார்ட் நேரும்போது பல்பு முழு ஒளியில் எரியும். ஒயரை அசைத்துக்கொண்டே போகையில் அது மங்கும் இடத்தில் குற்றவாளி இருக்கிறான். ஏர்பேக்கின் மஞ்சள் ஒயர்களிலும் எஞ்சின் கணினிக்குச் செல்லும் ஒயர்களிலும் இந்த பல்பு வித்தைகளைக் காட்டக்கூடாது.

சென்னைக்கென்று சில தனிக் காரணங்களும் உண்டு. திருவான்மியூரிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் உப்பு மெல்ல மெல்ல கப்ளர்களுக்குள் இறங்குகிறது. டெஸ்ட் லைட்டின் ஊசியால் ஒயரின் தோலைக் குத்திப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடும் பழக்கம் இங்கே குறிப்பாகத் தீங்கானது, அந்தத் துளை வழியே ஈரம் புகுந்து செம்பை உள்ளுக்குள்ளேயே கறுக்க வைத்துவிடும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கி எழுந்த கார்களும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்குபவர்கள் இருக்கைக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கி கப்ளர்களைத் திறந்து பார்ப்பது நல்லது. எலி கடித்த ஒயரைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தொல்லை தாங்காமல் புதுப்பேட்டையில் பழைய ஒயரிங் செட் ஒன்றை முழுதாக வாங்கி மாட்டச் சொல்வோர் உண்டு. உதிரி பாகங்களுக்குப் புதுப்பேட்டையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒயரிங்கைப் பொறுத்தவரை, அது வேறொரு வண்டியின் துருவை விலை கொடுத்து வாங்குவதாகவே பெரும்பாலும் முடிகிறது.

பழியை மெக்கானிக்குகள் மீது மட்டும் போடுவதும் நியாயமில்லை. இரண்டு மணி நேரம் தேடி ஒரு போல்ட்டை இறுக்கித் தருபவரிடம் “என்ன மாத்தினீங்க?” என்று கேட்டுவிட்டு ஐம்பது ரூபாயை நீட்டுகிற நாம், பாகத்தை மாற்றியவருக்கு மறுபேச்சில்லாமல் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். இந்நிலையில் அவர் எதற்காகத் தேடுவார்? கோளாறைக் கண்டறிந்ததற்கான கூலியைப் பட்டறைகள் ரசீதில் தனி இனமாகவே எழுதட்டும். வாடிக்கையாளர்கள் அதை முகம் சுளிக்காமல் கொடுக்கட்டும். அதற்கு ஈடாக, பாகத்தை மாற்றும் முன் எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருந்தது, மாற்றிய பின் எத்தனை என்ற இரண்டு எண்களும் அதே ரசீதில் இடம்பெற வேண்டும், கழற்றிய பாகம் உரிமையாளரிடம் திருப்பித் தரப்பட வேண்டும். உரிமையாளர்களும் கோளாறு வந்தபோது மழையா வெயிலா, ஏ.சி. ஓடியதா, விளக்கு எரிந்ததா என்று குறித்துவைத்து அந்தச் சீட்டைச் சாவியோடு சேர்த்துக் கொடுத்தால், தேடும் நேரம் பாதியாகக் குறையும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் படிக்கும் மாணவர்களுக்கு, வேண்டுமென்றே எர்த்தைத் தளர்த்திவைத்த பழைய வண்டிகளைக் கொடுத்து, பாகம் எதையும் மாற்றாமல் மீட்டரை மட்டும் கொண்டு கோளாறைப் பிடிக்கும் செய்முறைத் தேர்வு வைக்குமாறு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையை இக்கடிதத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வாகன மின்பணியாளர்,
பெரம்பூர், சென்னை – 11.