திராட்டில் லீவரைச் சீராக்கித் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும் அன்பிற்குரியவர்களுக்கும் வணக்கம்.

நான் கும்பகோணத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியை. ஏற்றுவிசை, எடை, உந்துவிசை, பின்னிழுவிசை ஆகிய நான்கும் ஒன்றையொன்று எப்படிச் சமன்செய்கின்றன என்பதைக் கரும்பலகையில் அம்புக்குறி வரைந்து எத்தனை முறை விளக்கினாலும், மாணவர்கள் அதைத் தங்கள் கையால் ஒருமுறை உணர்வதற்கு ஈடாகாது. அதனால் ஆய்வகக் கணினியில் ஃபிளைட்கியர் என்னும் கட்டற்ற ஃபிளைட் சிமுலேட்டரை நிறுவினேன். கைப்பிடியும், அதன் அடிப்பாகத்தில் எஞ்சினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் சிறிய திராட்டில் லீவரும் கொண்ட ஒரு பழைய ஜாய்ஸ்டிக்கை உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் இணைத்து, செஸ்னா 172பி விமானத்தை மாணவர்களே ஓட்டும்படி செய்ய முயன்றேன். அந்த முயற்சி ஏறக்குறைய மூன்று மாதம் ஒரே இடத்தில் நின்றது. இன்று அந்த விமானம் திருச்சியின் 27 ஆம் ஓடுபாதையில் மாணவர்களின் கையால் இறங்குகிறது என்றால், அதற்குக் காரணமானவர்கள் நால்வர். தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயரின்றியே இங்கே நன்றி கூறுகிறேன். அவர்கள் செய்ததை விரிவாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இதே சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கும் வேறொருவருக்கு இது பயன்படலாம்.

ஜாய்ஸ்டிக்கிடம் இருந்த குறை ஒன்று என்றுதான் நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குறைகள் இருந்தன. அவற்றோடு, குறையே அல்லாத ஒன்றையும் நான் குறை என்று எண்ணித் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது வெளியே தெரிந்து, முதலில் செய்த திருத்தமே தவறோ என்ற ஐயத்தை எழுப்பியது.

முதல் நன்றி, என்னிடம் படித்து இப்போது பொறியியல் இறுதியாண்டு பயிலும் மாணவிக்கு. உறவினர் ஒருவர் இதே வகை ஜாய்ஸ்டிக்குக்காகத் தம் விண்டோஸ் கணினியில் பயன்படுத்திய எக்ஸ்எம்எல் கோப்பை எனக்குக் கொடுத்திருந்தார். அதை உரிய கோப்புறையில் வைத்து, எந்த அச்சு (கைப்பிடியோ லீவரோ அசையும் ஒவ்வொரு திசையும் ஓர் அச்சு) விமானத்தின் எந்தப் பகுதியை இயக்க வேண்டும் என்பதை வாரக்கணக்கில் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். விமானத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அந்த மாணவி வந்து அமர்ந்ததும் கோப்பைத் திறக்கவே இல்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் ஜாய்ஸ்டிக்கின் பெயரை மட்டும் கேட்டுப் பார்த்தார். ஃபிளைட்கியர் அந்தப் பெயரையும் கோப்புக்குள் உள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தினால்தான் கோப்பை ஏற்கும்; பொருந்தாவிட்டால் பொதுவான ஓர் அமைப்பைக் கொண்டு ஓடத் தொடங்கிவிடும். லினக்ஸ் தயாரிப்பாளரின் பெயரையும் பொருளின் பெயரையும் சேர்த்தே சொல்கிறது. பொருளின் பெயரிலேயே தயாரிப்பாளரின் பெயர் அடங்கியிருந்ததால் அது எங்கள் கணினியில் இருமுறை வந்தது. விண்டோஸிலிருந்து வந்த கோப்பிலோ ஒருமுறைதான் இருந்தது. அதாவது, நான் அத்தனை நாள் திருத்திய கோப்பு ஒருமுறைகூடப் படிக்கப்படவே இல்லை.

பெயரைத் திருத்தியவுடன் கோப்பு ஏற்கப்பட்டது. ஆனால் லீவரைத் தள்ளினால், மூக்கை இடவலமாகத் திருப்பும் சுக்கான் திரும்பியது; கைப்பிடியைத் திருகினால் எஞ்சின் உறுமியது. இதே ஜாய்ஸ்டிக்கில் திராட்டிலுக்கு விண்டோஸ் தரும் எண் 2, திருகும் அச்சுக்கு 3. லினக்ஸில் அவை இடம் மாறியிருந்தன. ஒரே கோப்பில் இரண்டு இயங்குதளங்களுக்கும் தனித்தனி எண் எழுத இடம் உண்டு என்பதை அவர்தான் காட்டினார். அடுத்து லீவர் தலைகீழாக இயங்கியது. அது என் தவறு. லீவர் முன்னே தள்ளப்படும்போது −1, பின்னே இழுக்கப்படும்போது +1 என்ற மதிப்பு வருகிறது. எஞ்சினுக்கு வேண்டியதோ 0 முதல் 1 வரை. அச்சின் மதிப்போடு −1 ஐக் கூட்டி, வருவதை −0.5 ஆல் பெருக்கினால், முன்னே தள்ளும்போது 1 உம் பின்னே இழுக்கும்போது 0 உம் கிடைக்கும். அந்த இரண்டு கழித்தல் குறிகளையும் நான் விட்டிருந்தேன். அவர் அதை எனக்குச் சொல்லவில்லை. இரண்டு முனைகளின் மதிப்பையும் தாளில் இட்டுப் பார்க்கும்படி பென்சிலை என்னிடம் நீட்டினார். ஆசிரியையாக அந்தக் கணத்தில் நான் அடைந்த நிறைவைச் சொல்ல எனக்குச் சொற்கள் போதவில்லை.

அச்சுகள் உரிய இடத்துக்கு வந்த பிறகுதான், ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது விமானத்தின் மூக்கு துடிப்பது தெரிந்தது. ஜேஎஸ்டெஸ்ட் என்ற கருவியில் பார்த்தால், கைப்பிடியில் யாரும் கை வைக்காதபோதே, பூச்சியத்தில் நிற்க வேண்டிய திருகு அச்சின் எண் அவ்வப்போது ஏழாயிரத்தைத் தாண்டித் துள்ளியது. மென்பொருளில் எவ்வளவு தேடினாலும் இதற்கு விடை கிடைக்காது என்று மாணவி சொல்லிவிட்டார். அப்போதுதான் எங்கள் தெருவில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ரேடியோ பழுதுபார்க்கும் பெரியவரிடம் போனேன்.

அவர் கணினியைத் தொட்டதில்லை. ஜாய்ஸ்டிக்கைப் பிரித்து உள்ளே பார்த்ததும், "இது நம்ம வால்யூம் கண்ட்ரோல்தானேம்மா, கரகரன்னு சத்தம் வருமே, அதே வியாதி" என்றார். அது முற்றிலும் உண்மை. கைப்பிடி திரும்பும்போது பொட்டன்ஷியோமீட்டரின் நடுமுனை ஒரு கார்பன் தடத்தின்மேல் நகர்ந்து மின்தடையை மாற்றுகிறது. தடத்தில் தூசி படிந்தாலோ, தடம் தேய்ந்தாலோ தொடர்பு விட்டு விட்டு ஏற்படும். ரேடியோவில் அது காதுக்குக் கரகரப்பு. எனக்கு அது விமானத்தின் மூக்கில் துடிப்பு. அவர் டிஜிட்டல் மீட்டரை ஒதுக்கிவிட்டுப் பழைய முள் மீட்டரை எடுத்தார். மாறும் மதிப்பை எண்களில் படிப்பது கடினம். முள் என்றால் எங்கே தடுக்கி விழுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். முதலில் காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது முறை திருப்பிப் பார்த்தார். இரண்டு நாள் நன்றாக இருந்து, மூன்றாம் நாள் துடிப்பு மீண்டும் வந்தது. தடமே தேய்ந்துவிட்டதால் பாகத்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்.

இந்த இடத்தில் அவர் காட்டிய கவனத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அவர் கடையில் 10 கிலோ ஓம் பாகங்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. இருந்தும் அவற்றில் ஒன்றைக்கூட எனக்குப் போட அவர் ஒப்பவில்லை. ஒலிப்பெருக்கத்துக்கு வருபவற்றில் ஏ என்ற எழுத்து இருக்கும். நம் காது ஒலியைக் கேட்கும் விதத்துக்கு ஏற்ப, அவற்றின் மின்தடை சீராக ஏறாமல் மடக்கை முறையில் ஏறும். ஜாய்ஸ்டிக்குக்கு வேண்டியது திருப்பும் அளவுக்கு நேர்விகிதத்தில் மாறும் பி வகை. ஏ வகையைப் போட்டிருந்தால் துடிப்பு நின்றிருக்கும். ஆனால் கைப்பிடி நடுவில் இருக்கும்போதே சுக்கான் ஒரு பக்கம் சாய்ந்து நின்றிருக்கும், நானும் அதை மீண்டும் கோப்பில் தேடிக்கொண்டிருப்பேன். சென்னைக்குப் போன தம் மருமகனிடம் சொல்லி, ரிச்சி தெருவிலிருந்து அதே தண்டு நீளத்தில் பி வகைப் பாகம் ஒன்றை வரவழைத்து, பற்றவைத்துத் தந்தார். பாகத்தின் விலையைத் தவிர ஒரு ரூபாயும் வாங்கவில்லை. ஐயா, தங்கள் கைக்கு என் வணக்கம்.

மூன்றாவது குறைதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. விமானம் இறங்கி வரும்போது வேகத்தை 65 நாட் அளவில் வைத்துக்கொண்டு, கீழிறங்கும் வீதத்தை எஞ்சின் சக்தியைச் சிறிது கூட்டியும் குறைத்தும் காக்க வேண்டும். இதற்கு லீவரின் நடுப்பகுதியில் நூலளவு அசைவுகள் தேவை. ஆனால் எங்கள் லீவரோ நடுவில் எவ்வளவு நகர்த்தினாலும் எஞ்சினில் மாற்றம் காட்டாது. சற்றுக் கூடுதலாகத் தள்ளினால் எதிர்பாராமல் சக்தி கூடும். மாணவர்கள் ஓடுபாதைக்கு முன்பே தரையைத் தொட்டார்கள், அல்லது ஓடுபாதையின் பாதி தாண்டி இறங்கினார்கள். லீவரின் பொட்டன்ஷியோமீட்டரையும் பெரியவர் சோதித்து, முள் தடையின்றி ஏறுகிறது என்று உறுதி சொல்லிவிட்டார். கோப்பில் கணக்கும் சரி. அப்படியானால் பிழை எங்கே?

பெங்களூரில் பணிபுரியும் மென்பொருள் பொறியாளர் ஒருவர், நண்பரின் நண்பர், என்னை நேரில் பார்த்தது கூட இல்லாதவர், தம் வேலை முடிந்த பிறகு ஐந்து இரவுகள் தொலைபேசியில் என்னோடு இருந்தார். இரண்டு முனையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறக்கச் சொல்லி, ஒன்றில் ஈவிடெஸ்ட், மற்றொன்றில் ஜேஎஸ்டெஸ்ட் ஓட்டச் சொன்னார். முதலாவது ஜாய்ஸ்டிக் அனுப்பும் எண்ணை அப்படியே காட்டும். இரண்டாவது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் திருத்திக் கொடுக்கும் எண்ணைக் காட்டும். லீவரை மெல்ல நகர்த்தினேன். முதல் திரையில் எண் 112 இலிருந்து 142 வரை ஒவ்வொன்றாக ஏறியது. இரண்டாவது திரையில் பூச்சியம் அசையாமல் நின்றது. மூன்று மாதச் சிக்கலின் விடையை அந்த இரவில்தான் என் கண்ணால் கண்டேன்.

அதன் காரணத்தையும் அவர் பொறுமையாக விளக்கினார். கைப்பிடி தானாக நடுவுக்குத் திரும்பும்போது மிகச் சரியாக நடுவில் நிற்பதில்லை. அந்தச் சிறு பிசகை விமானம் உணராதபடி, கர்னல் அச்சின் மொத்த வீச்சில் பதினாறில் ஒரு பங்கை நடுவின் இருபுறமும், அசைவைக் கணக்கில் கொள்ளாத டெட் ஸோனாக விடுகிறது. கைப்பிடிக்கு அது நன்மைதான். ஆனால் வைத்த இடத்தில் நிற்கும் லீவருக்கும் அதே விதி பொருந்திவிடுகிறது. 0 முதல் 255 வரை எண் தரும் எங்கள் லீவரில் நடுவே 112 முதல் 142 வரை மட்டுமன்றி, இரு முனைகளிலும் 15 க்குக் கீழும் 239 க்கு மேலும் அசைவுக்கு மதிப்பு மாறவில்லை. கூட்டிப் பார்த்தால், லீவரின் பயணத்தில் ஏறக்குறைய கால் பங்கு வீண்.

தீர்வு ஒரே வரிதான். கர்னல் செய்யும் இந்தத் திருத்தத்தை மாற்றியமைக்கும் ஜேஎஸ்கால் கருவியில் அந்த ஓர் அச்சுக்கு மட்டும் நடுவின் இரு எல்லைகளை 112, 142 என்பதற்குப் பதிலாக 127, 128 என்றும், இருபுறச் சாய்வை (அசைவுக்கு ஏற்ப எண் மாறும் வீதத்தை) 5534751 என்பதற்குப் பதிலாக 4227330 என்றும் கொடுத்தோம். மற்ற அச்சுகளின் எண்களை மாற்றவில்லை. கம்பியைப் பிடுங்கிச் செருகினால் இந்தத் திருத்தம் அழிந்துவிடும் என்பதால், ஜேஎஸ்கால்-ஸ்டோர் கட்டளையால் அதைச் சேமித்து, ஜாய்ஸ்டிக் இணைக்கப்படும் ஒவ்வொரு முறையும் தானே திரும்பி வரும்படி செய்தார். கட்டளையை அவரே எழுதி அனுப்பியிருக்கலாம், பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று நான் கணக்கிட்டுச் சொன்ன பிறகே அடுத்ததற்குப் போனார். அந்த ஐந்து இரவுகளுக்கும், அவற்றை விட்டுக்கொடுத்த அவர் குடும்பத்தாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மிச்சமிருந்தது. முழு சக்தியோடு ஓடுபாதையில் புறப்படும்போது விமானம் இடப்பக்கம் இழுத்தது. இதுவும் ஜாய்ஸ்டிக்கின் பிசகு என்று எண்ணி, சுக்கானின் நடுநிலையைக் கோப்பில் சற்று வலப்பக்கம் தள்ளி வைத்திருந்தேன். விமானப் பராமரிப்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அண்டை வீட்டார் ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்து, மாணவன் ஒருவன் புறப்படுவதையும், பிறகு மேலே சமநிலையில் பறக்கும்போது அதே விமானம் வலப்பக்கம் நழுவுவதையும் பார்த்துவிட்டு, நான் செய்த திருத்தத்தை உடனே நீக்கச் சொன்னார். விமானிக்கு அந்த இழுப்பு தெரிய வேண்டியது என்றார். முன்னே சுழலும் புரொப்பல்லர் பின்னே தள்ளும் காற்று உடலைச் சுற்றி வந்து செங்குத்து வாலின் இடப்பக்கத்தில் மோதுவதும், எஞ்சின் புரொப்பல்லரை ஒரு திசையில் சுழற்றும்போது விமானம் எதிர்த்திசையில் உருள முனைவதும், மூக்கு உயர்ந்திருக்கையில் கீழிறங்கும் இதழ் கூடுதலாக இழுப்பதும் சேர்ந்த விளைவு அது. உண்மையான செஸ்னாவில் அதற்காகவே வலது காலால் சுக்கானை மிதிப்பார்கள். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு நான் தேடிக்கொண்டிருந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டை, கோளாறு என்று எண்ணி அழித்துக்கொண்டிருந்தேன் என்பதை அவர்தான் தடுத்தார். இப்போது அந்த இழுப்பை வைத்தே ஒரு பாடவேளை நடத்துகிறேன்.

ஜாய்ஸ்டிக்கை முன்புற இணைப்பியிலிருந்து கணினியின் பின்புற யுஎஸ்பிக்கு மாற்றி, கம்பியைக் கால் தடுக்காதபடி மேசையோடு கட்டித் தந்த ஆய்வக உதவியாளருக்கும் என் நன்றி.

திருத்திய கோப்பின் பிரதியும், ஒவ்வொரு அச்சுக்கும் நாங்கள் கொடுத்த எண்களும், அவை எப்படிக் கணக்கிடப்பட்டன என்பதும் ஒரு பழைய நோட்டில் மாணவர்களால் எழுதப்பட்டு எங்கள் ஆய்வகத்தில் உள்ளன. வேறு பள்ளி ஆசிரியர்கள் எவருக்கேனும் வேண்டுமானால் வந்து எழுதிக்கொள்ளலாம். உதவிய நால்வரும் ஒரு சனிக்கிழமை காலை ஆய்வகத்துக்கு வந்து, பதினோராம் வகுப்பு மாணவர்கள் விமானத்தை இறக்குவதைப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ரேடியோப் பெரியவருக்கு முதல் இருக்கையை மாணவர்கள் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டார்கள்.

நன்றியுடன்,
இயற்பியல் ஆசிரியை,
கும்பகோணம்