அலட்சியத்தால் அல்ல, ஆசிரியர் அவர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் மருத்துவக் காப்புறுதி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாருக்கும் காப்புறுதி இருக்கும்போது வசதி குறைந்தவர்கள் நேரத்தோடு மருத்துவரிடம் போகாததற்கு அவர்களுடைய அலட்சியமே காரணம் என்று அதில் ஒரு வரி இருந்தது. மற்றதெல்லாம் மறந்துவிட்டது, அந்த வரி மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

நம் சிங்கப்பூரின் தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் 2015 நவம்பரில் வந்தது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரையும், ஏற்கெனவே நோய் உள்ளவர்களையும்கூட, ஆயுள் முழுக்கக் காக்கிறது. அதற்கு நான் நன்றியுள்ளவள். ஆனால் அது பெரிய மருத்துவமனைக் கட்டணத்துக்கும், ரத்தச் சுத்திகரிப்பு, கீமோதெரபி போன்ற செலவு மிகுந்த சிகிச்சைகளுக்கும்தான். அதிலும் முதல் பகுதியை நாம்தான் கட்ட வேண்டும். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள கிளினிக்கில் காய்ச்சலுக்குப் பார்த்தால் அதிலிருந்து ஒரு காசு வராது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் எப்படி அந்த வரியை வெளியிட்டீர்கள்?

என் கணவர் டாக்சியை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். ரொம்ப நாளாக இனிப்புநீர், அதாவது நீரிழிவு. ஒருநாள் துணி துவைக்கும்போது அவருடைய காலுறையின் விரல் பக்கம் மஞ்சளாகக் கறை பிடித்து விறைத்திருந்தது. காலைக் காட்டச் சொன்னேன். விரலிடுக்கில் புண். அரசாங்கக் கிளினிக்கான பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள் என்றால், "வாடகை ஏறுதுல்ல, லீவு அன்னைக்குப் பாக்கலாம்" என்றார். அவர் வண்டியை நிறுத்துவது ஞாயிற்றுக்கிழமை. அன்று மருந்தகம் கிடையாது, சனிக்கிழமையும் மதியத்தோடு மூடிவிடுவார்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவருக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள்வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. சம்பளமில்லாமல் சொந்தத் தொழிலாக ஓட்டுபவருக்கு எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சான்று வெறும் காகிதம். மருந்தகத்தில் கட்டணம் குறைவுதான், மருத்துவச் செலவுக்கான நம் மெடிசேவ் சேமிப்பிலும் எடுக்கலாம், நான் மறுக்கவில்லை. காத்திருக்கும் அரை நாள் வருமானத்தை எதில் எடுப்பது? கடைசியில் குளிர் காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்குப் போனோம். ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டணத்துக்குக் காப்புறுதிப் பணம் ஒழுங்காக வந்தது.

இந்த மனிதரைத்தான் அலட்சியக்காரர் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது.

கனடாவை உதாரணம் காட்டியிருந்தீர்கள். அங்கே 1984 சட்டத்துக்குப் பிறகு மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் கிடையாது என்பது சரி. ஸ்கார்பரோவில் இருக்கும் என் தங்கையும் அதைச் சொல்வாள். ஆனால் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைக்கு அவள் கைக்காசுதான் போடுகிறாள், தொழிற்சாலையில் மணிக்கூலி என்பதால் போய்வரும் நேரத்துக்குச் சம்பளமும் போகிறது. அந்த நாட்டு ஆய்வுகளே சொல்கின்றன: குடும்ப மருத்துவரிடம் ஏழைகள் குறையாமல் போகிறார்கள், நிபுணரிடம் என்று வரும்போது, ஒரே அளவு நோய் இருந்தாலும் வருமானமும் படிப்பும் உள்ளவர்கள்தான் முந்திக்கொள்கிறார்கள். இங்கேயும் அப்படித்தானே? சலுகைக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் வேண்டும், மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது, கொடுக்கும் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். கையில் பணம் இருப்பவர் தனியாரிடம் போய்விடுகிறார்.

எழுத உட்கார்ந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம், பலகாரத்தைக் குறையுங்கள் என்று எழுதுகிறீர்கள். சரி, எழுதுங்கள். இரவு வேலை முடிந்து வரும் பாதுகாவலரும், விடியுமுன் உணவங்காடியில் மேசை துடைக்கப் போகும் அம்மாவும் எந்த நேரத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போவார்கள் என்று அவர்களிடமே கேட்டு ஒருமுறையாவது எழுதியதுண்டா? வயதானவர்கள் கைப்பேசிச் செயலியில் மருந்தகத்துக்கு முன்பதிவு செய்யப் படும் பாட்டைப் பற்றி முன்பு உங்களுக்குக் கடிதம் போட்டேன். அது இதழில் வரவில்லை. இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே ஒரு மருந்தகத் திறப்பு விழாப் படங்கள் முழுப் பக்கத்துக்கு வந்திருந்தன. என் மாமனார் காலத்திலிருந்து உங்கள் இதழை வாங்கும் வீடு எங்களுடையது. அதனால்தான் இவ்வளவு வருத்தம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தமிழில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். தனியார் கிளினிக்குகளில் கட்டணச் சலுகை தரும் சாஸ் அட்டையில் நீலம், ஆரஞ்சு, பச்சை யாருக்கு, எதற்கு எவ்வளவு சலுகை, பச்சை அட்டைக்குச் சளி காய்ச்சலுக்குச் சலுகை கிடையாது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். நாட்பட்ட நோய்க்கு மெடிசேவில் எடுப்பது எப்படி, ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் 40 வயதை எட்டியவர்கள் பதிவு செய்தால் முதல் சந்திப்பு இலவசம், இதெல்லாம் இருக்கட்டும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் சாஸ் கிளினிக்குகளைப் பேட்டை வாரியாகப் போட்டால் ரொம்ப உதவியாக இருக்கும். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், டாக்சி ஓட்டுநர்கள் சாப்பிட வரும் காப்பிக்கடையில் கேட்டு ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
ஈசூன், சிங்கப்பூர்