அப்பாவின் கையெழுத்து இல்லாத விண்ணப்பங்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கல்வி நிதி வழங்கிவரும் ஆலய நிர்வாகத்தினருக்கும் முன்னாள் மாணவர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவ மாணவர்களுக்கு 22 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். நீங்கள் ஆண்டுதோறும் திரட்டித் தரும் பணம் எத்தனை பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுசேர்த்திருக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவள். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். உங்கள் விண்ணப்பப் படிவங்களில் தந்தையின் சம்பளச் சீட்டும் தாய் தந்தை இருவரின் கையெழுத்தும் கட்டாயம் என்று ஒரு விதி இருக்கிறது. உதவி யாருக்கு மிகவும் தேவையோ அந்தப் பிள்ளைகளையே அது வெளியே நிறுத்திவிடுகிறது. அதை மாற்றித் தாருங்கள் என்று கேட்பதற்கே இந்த மடல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், என் மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னாளே தவிர, முகத்தில் அந்த மகிழ்ச்சி இல்லை. நெகிழிக் கோப்பிலிருந்து நிதி விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தாள். மற்றக் கட்டங்களெல்லாம் அழகாக நிரப்பப்பட்டிருந்தன. தந்தையின் கையெழுத்துக்கான இடத்தில் மட்டும் தாள் மெலிந்து, பின்னாலிருந்த மேசையின் நிறம் தெரிந்தது. ஆறாம் ஆண்டுத் தேர்ச்சி அறிக்கையில் அப்பா போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்துப் பென்சிலால் எழுதியிருக்கிறாள்; மனம் கேட்காமல் அழித்திருக்கிறாள்; மறுபடி எழுதி மறுபடி அழித்திருக்கிறாள். அவளுடைய தந்தை ஜொகூர் பக்கம் லாரி ஓட்டுகிறார். அங்கே அவருக்கு வேறு குடும்பம். ஆறு ஆண்டுகளாக வீட்டுக்கு ஒரு காசும் வந்ததில்லை; மணமுறிவும் ஆகவில்லை. தாயார் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்பவர். பதிவுக் கட்டணம், விடுதிக் கட்டணம், பேருந்துச் செலவு எல்லாம் சேர்த்து அவளுக்குத் தேவைப்பட்டது 2,180 வெள்ளி (ரிங்கிட்). அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் பணம் கிடைத்திருக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உண்மையானவளாக இருந்ததால் அவள் அந்தப் படிவத்தைக் கொடுக்கவேயில்லை.

அவள் ஒருத்தி மட்டுமல்லள். அப்பா வீட்டிலேயே இருந்தும், நல்ல சம்பளம் வாங்கியும், மகன் உடனே வேலைக்குப் போகவேண்டும் என்று பிடிவாதமாகக் கையெழுத்து மறுத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டார் விரும்பாத பாடத்தைத் தேர்ந்தெடுத்ததற்காக ஒரு வெள்ளிகூடக் கிடைக்காமல் போன பிள்ளைகளும் உண்டு. இன்னொரு பக்கம், மனமிருந்தும் இயலாத பெற்றோர் ஏராளம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் அந்தச் சம்பளத்தை வைத்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் தகப்பனிடம் ஒரே நாளில் 2,000 வெள்ளியை எடுத்து வை என்றால் அவர் எங்கே போவார்? அவருக்கு உங்கள் நிதி துணை நிற்கிறது. சம்பளச் சீட்டைக் காட்டிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறார். இயலாதவரின் பிள்ளைக்குத் திறக்கும் கதவு, கைவிட்டவரின் பிள்ளைக்கு மூடியே இருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

பிடிபிடிஎன் கடன் இருக்கிறதே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். இருக்கிறது, 1997-இல் தொடங்கப்பட்ட அந்தத் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் இல்லையென்றால் நம் பிள்ளைகளில் பலர் பட்டம் பெற்றிருக்கமாட்டார்கள். ஆண்டுக்கு 1 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம் மட்டுமே. இளங்கலையில் முதல் வகுப்பில் தேறுவோர் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கோரவும் வழியுண்டு. ஆனால் கடன் எவ்வளவு என்பது பெற்றோரின் வருமானத்தைப் பார்த்தே முடிவாகிறது. வருமானத்தில் கீழ்நிலை 40 விழுக்காட்டில் உள்ள பி40 குடும்பத்துப் பிள்ளைக்கு முழுத் தொகை, நடுநிலை 40 விழுக்காடான எம்40 என்றால் 75 விழுக்காடு, மேல்நிலை 20 விழுக்காடான டி20 என்றால் 50 விழுக்காடு. தந்தை சம்பாதிப்பது கணக்கில் ஏறி, அவர் கொடுக்காதது கணக்கில் ஏறாமல் போனால், பிள்ளையின் தட்டில்தான் குறைகிறது. ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் படிப்புக்குப் பணம் எடுக்கலாம் என்பதும் உண்மைதான். எடுக்கவேண்டியவர் அந்தப் பெற்றோர். அவர் மனம் வைக்காதவரை அந்த வழியும் இல்லை. இந்த விதிகளையெல்லாம் நீங்கள் மாற்ற முடியாது. உங்கள் படிவத்தை நீங்கள் மாற்றலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்நாட்டில் 18 வயது நிறைந்தவர் முழு வயதடைந்தவர். ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்டிபிஎம் முடித்துவரும் பிள்ளைக்கு 19, 20 வயதாகியிருக்கும். வங்கிக் கணக்கைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளவும் பொதுத் தேர்தலில் வாக்களிக்கவும் தகுதியுள்ள ஒருவர், 1,000 வெள்ளி உதவி கேட்கத் தகப்பனின் கையெழுத்தைத் தேடி ஜொகூர் போகவேண்டியிருக்கிறது.

அப்பன் பொறுப்பை நாம் தலையில் சுமந்துகொண்டால் அவன் இன்னும் அலட்சியமாகிவிடுவானே என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. முஸ்லிம் அல்லாதோரின் திருமண மணமுறிவுச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு 18 வயதோடு முடிந்துபோன பராமரிப்பு உத்தரவு, இப்போது பிள்ளையின் உயர்கல்வி முடியும்வரை நீடிக்க முடியும். ஆகவே பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தகப்பனை நீதிமன்றத்தில் நிறுத்தத் தாய்க்கு வழி இருக்கிறது. அதற்கு வழக்கறிஞர் வேண்டும், மாதங்கள் வேண்டும், முதலில் தாய்க்குத் துணிச்சல் வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் ஒதுக்கும் யூபியு முடிவு வெளியாவதற்கும் பதிவு நாளுக்கும் இடையே கிடைப்பதோ சில வாரங்கள். தகப்பனிடம் கணக்குக் கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். இடத்தை இழந்த பிள்ளைக்கு அந்த ஆண்டு திரும்பி வராது.

இந்த இடத்தில் நிதி கிடைக்கும் காலத்தையும் சொல்லியாகவேண்டும். தீபாவளியை ஒட்டி மேடை போட்டு, பெற்றோருடன் வந்து காசோலை பெற்றுக்கொள்ளச் சொல்கிறீர்கள். பதிவு நாளோ அதற்கு முன்பே கடந்துபோயிருக்கும். கடன் வாங்கிப் பதிந்தவர்களுக்கு அந்தக் காசோலை கடனடைக்க உதவும்; பதியவே முடியாதவர்களுக்கு அதனால் பயனில்லை. தகப்பன் இல்லாமல் அந்த மேடையில் ஏறி, ஊரார் முன்னிலையில் படத்துக்கு நிற்பது அந்த வயதுப் பெண்ணுக்கு எப்படியிருக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

பொய் சொல்லி வாங்கிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு வருகிறேன். நம் ஊர் அவ்வளவு பெரிய ஊரன்று. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்பது வகுப்பாசிரியருக்கும் தெரியும், தோட்டத்துக் கோயில் தலைவருக்கும் தெரியும். அவர்கள் இருவரின் கடிதமும், சத்தியப் பிரமாண ஆணையர் முன் பிள்ளை கொடுக்கும் உறுதிமொழியும் போதுமானவை. சம்பளச் சீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்குப் பதிலாக, மாதம் வீட்டுக்கு எவ்வளவு வந்துசேர்கிறது என்று கேளுங்கள். இலவசமாகத் தரத் தயக்கமாக இருந்தால் வட்டியில்லாக் கடனாகத் தாருங்கள். பிடிபிடிஎன் கடனின் முதல் தவணை கைக்கு வந்ததும் சிறுகச் சிறுகத் திருப்பித் தரட்டும், அது அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். அந்த மாணவிக்கு அன்று நானும் என் தங்கையும் பணத்தைப் புரட்டிக் கொடுத்தோம். மாதம் 60 வெள்ளி வீதம், ஒரு மாதமும் தவறாமல், அவளாகவே திருப்பிச் செலுத்தி முடித்தாள். நாங்கள் அவளிடம் எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்கவில்லை.

பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் நம் மக்கள் வீடு வாசலை இழந்து நின்றபோது, இந்த ஊரின் மகனான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய சங்கம் அது. அந்தத் தொழிலாளர்களின் கையில் சொத்துப் பத்திரம் எதுவும் இருக்கவில்லை. அவர்களுடைய சொல்லை நம்பித்தான் பணம் திரண்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் சொல்லையும் நீங்கள் நம்பவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இரண்டு முடிவுகளை எடுத்தால் போதும். 18 வயது நிறைந்த விண்ணப்பதாரரின் கையெழுத்தை மட்டும் கட்டாயமாக்குங்கள். பெற்றோர் உதவாத நிலையிலுள்ளவர்களுக்குப் பதிவு நாளுக்கு முன்பே, மேடையின்றி, நேராக வங்கிக் கணக்கில் பணத்தைச் சேர்த்துவிடுங்கள். விண்ணப்பங்களைச் சரிபார்க்க ஆள் இல்லையென்றால் சனிக்கிழமை பிற்பகல்களில் நான் வந்து உட்காருகிறேன். அப்படியொரு தனிக் கணக்கைத் தொடங்கினால், முதல் தொகையாக என் ஓய்வூதியத்திலிருந்து 2,180 வெள்ளியை அதில் செலுத்துகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆறாம் படிவ ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்