காப்பி இலைத் தோரணத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

தங்கை கல்யாணம் தை மாதக் கடைசியில் சேலத்தில் நல்லபடியாக முடிந்தது. மண்டபத்துக்கு வந்தவர்கள் வாசல் தோரணத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "நிஜ இலையா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டார்கள். நிஜ இலைதான். மாவிலை, காப்பி இலை, சில்வர் ஓக் இலை என்று ஏற்காட்டில் சேர்த்து, உருகிய மெழுகில் முக்கி எடுத்தவை. எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு யார் யாருக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லாமல் இருக்க மனசு ஒப்பவில்லை.

முதல் நன்றி மலைத்தேன் எடுக்கும் பெரியவருக்கு. தேன்மெழுகு என்று ஒரு கடையில் வாங்கி வந்தேன். அதில் தோய்த்த இலையை லேசாக வளைத்தாலே மேல்பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. ஒரு கட்டியைப் பெரியவரிடம் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தார், மோந்து பார்த்தார். "தேன் வாசமே இல்லையே கண்ணு" என்றார். நல்ல தேன்மெழுகு கைச்சூட்டில் குழையும், முறித்தால் குருணை குருணையாக முறியும் என்று காட்டிக் கொடுத்தார். அவர் கொடுத்தது தேன் பிழிந்த அடையை வெந்நீரில் உருக்கித் துணியில் வடிகட்டிய மெழுகு. மெழுகுவத்தி செய்யும் பாரஃபின் மெழுகு மூன்று பங்குக்கு அதில் ஒரு பங்கு சேர்த்த பிறகுதான் பூச்சு இலையோடு சேர்ந்து வளைந்தது. ஐயா, காசு வேண்டாம் என்றீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

அடுத்து, வீட்டில் சாக்லேட் செய்து விற்கும் அக்கா. மெழுகுப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைத்திருந்தேன். புகை கிளம்பிப் பாத்திரத்தின் ஓரத்தில் தீ பிடித்தது. பதறிப்போய்த் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டு, அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தட்டால் மூடினார். தண்ணீர் ஊற்றியிருந்தால் கொதிக்கும் மெழுகு தெறித்து வீடே பற்றியிருக்கும். அன்றைக்கே கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கப் பழக்கினார், தன் தெர்மாமீட்டரையும் கொடுத்தார். 70 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால் கண்ணாடி மாதிரி மெல்லிசாகப் படிகிறது. அதற்குக் கீழே போனால் வெள்ளை வெள்ளையாகத் தடித்துவிடுகிறது, ரொம்ப ஏறினால் இலை வெந்து கறுத்துவிடுகிறது.

எஸ்டேட் மேஸ்திரி அண்ணா, காப்பிப் பழம் எடுத்து முடிந்து, கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த காட்டிலிருந்து நல்ல இலைகளாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தீர்கள். பனி ஈரத்தோடு முக்கினால் மெழுகு சடசடவென்று கொப்புளிக்கிறது என்று சொன்னதும், வெயில் ஏறின பிறகு பறிக்கச் சொல்லி ஆளையும் அனுப்பினீர்கள்.

அம்மாயி, நீங்கள் இல்லையென்றால் பாதி இலைகூட முடிந்திருக்காது. மூன்று ராத்திரி ஈரம் துடைத்துப் பழைய நாளிதழ்களுக்கு நடுவே அடுக்கினீர்கள். குளிரில் மெழுகு சட்டென்று உறைகிறது என்று, ஒவ்வொரு இலையையும் அடுப்புப் பக்கம் காட்டிச் சூடாக்கி என் கையில் கொடுத்தது நீங்கள்தான். காம்பைப் பிடித்து ஒரே முக்கு, ஒரு உதறு. அவ்வளவுதான் என் வேலை.

வேன் ஓட்டிய தம்பிக்கும் நன்றி. வெயில் பட்டால் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று, விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பினான். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரு பெட்டியும் சரியாமல் இறக்கினான்.

அக்கா, தெர்மாமீட்டரைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன். பெரியவர் வீட்டு நிலைப்படிக்கு ஒரு சரம் தனியாகக் கோத்திருக்கிறேன், அதையும் அன்றைக்கே கட்டிவிட்டு வரலாம்.

அன்புடன்,
கல்யாணப் பெண்ணின் அக்கா, ஏற்காடு