செல்வியின் மாத்திரை

பென்னாகரம்,
கார்த்திகை 20

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. ராகி அறுப்பு, நடுவில் அம்மாவுக்குக் காய்ச்சல், பதில் போட முடியவில்லை. இப்போது தேவலை. செவலை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

செல்விக்குத் தைராய்டு என்று சொன்னேனே, விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. மிளகளவுதான். அதில் இருக்கும் அயோடின் எங்கே பிறந்தது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். பழைய வாத்தியார் புத்தி போகுமா?

நட்சத்திரத்தின் வயிற்றில் இரும்பு வரைக்கும்தான் வேகும். அதற்கு மேல் இணைத்தால் ஆற்றல் கிடைக்காது, அடுப்பு அணைந்துவிடும். கனமான தனிமங்களில் பலவற்றுக்கு நியூட்ரான்கள் மழையாகக் கொட்ட வேண்டும். செத்துப்போன பெரிய நட்சத்திரங்களின் இறுகிய மிச்சம்தான் நியூட்ரான் நட்சத்திரம்; அப்படி இரண்டு மோதினால் அது நடக்கும்.

2023 மார்ச் 7 அன்று, அப்படியொரு மோதலில் வந்ததாகக் கருதப்படும் ஒரு காமா கதிர் வெடிப்பு, சுமார் 200 விநாடி. கிட்டத்தட்ட 100 கோடி ஒளியாண்டு தூரம். 29 நாள் கழித்து ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அந்தத் திசையில் பார்த்தது. அதற்குள் வெடிப்பின் மிச்சம் ஆறிப்போய், வெளிச்சமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு இறங்கிவிட்டது. அந்த வெளிச்சத்தை அலைநீளவாரியாகப் பிரித்த நிறமாலையில் 2.15 மைக்ரான் பக்கம் ஒரு மேடு. டெல்லூரியம் என்ற தனிமத்தின் அடையாளம் என்றார்கள். அணு எண் 52. அடுத்த வீட்டுக்காரர் 53, நம்ம அயோடின்! அதுவும் பெரும்பாலும் இப்படிப் பிறந்ததே என்பது கணிப்பு. செல்வியின் மாத்திரையில் இருப்பது சூரியன் பிறக்கும் முன்பே நடந்த வேறு ஏதோ வெடிப்பின் மிச்சம்.

இதைத் தரையிலிருந்து ஏன் பார்க்கக் கூடாது என்று கேட்பாய். அம்மாவுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டபோது என் கை அடுப்பங்கரைச் சூட்டில் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டு வந்து தொட்டேன். அதே கதைதான். காற்றும் கருவியும் தாமே அகச்சிவப்பை உமிழும், நீராவியோ வருவதில் நிறைய விழுங்கிவிடும். அதனால்தான் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஐந்தடுக்குத் திரை நிழலில், மைனஸ் 220 டிகிரிக்கும் கீழே வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குத் தங்கப் பூச்சு, அது அகச்சிவப்பை நன்றாகத் திருப்புமாம். தங்கமும் மோதலில் விளைந்த சரக்குதான் என்கிறார்கள், பார்த்தாயா!

செல்வியிடம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அவ்ளோ தூரத்துல இருந்து வந்தும் என் உடம்பு எளைக்க மாட்டேங்குதே" என்றாள்.

தைக்கு ஓசூரிலிருந்து எல்லாரும் வந்துவிடுங்கள். சீம்பால் கேட்காதே, அதற்குள் தீர்ந்துவிடும்.

உன்,
சின்னசாமி